துரோகி யார் என்று தெரிந்துவிட்டது, இனி அந்த ஃபேன்டஸித் தொடரைப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

நைட்டுகள் (கவசம் அணிந்த குதிரை வீரர்கள்), அரசவைச் சதி, ஆபத்தான மந்திரம் என்று ஓடும் ஒரு பெரிய ஃபேன்டஸித் தொடரில் இரண்டாம் பாகம் முடித்திருக்கிறீர்கள். யார் துரோகம் செய்யப்போகிறான் என்பதைத் தோழி போட்டு உடைத்துவிட்டாள். மிச்சப் பாகங்களைப் படிப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படியுங்கள். தாராளமாகப் படியுங்கள்.

எந்தத் தொடர் என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தத் துரோகி உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும். பிடிக்காதவன் துரோகி என்று தெரிந்தால் யாரும் இங்கே வந்து யோசனை கேட்பதில்லை. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு இந்த வேலையைச் செய்தவன் என் சொந்தத் தம்பி. அவன் வேகமாகப் படிப்பவன், தொடர் முழுவதையும் முடித்துவிட்டான். நான் இரண்டாம் பாகத்தின் ஆரம்பத்தில் இருந்தேன். அதில் வரும் கிழட்டு நைட் ஒருவரைப் பற்றி அவனிடம் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணா, நீ இன்னுமா அவரை நல்லவர்னு நம்பிட்டிருக்க?” என்றான். உடனே, “ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலை” என்று வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய வேகத்திலேயே மிச்சமும் தெரிந்துவிட்டது.

தொடரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானும் என் தம்பியும் ஒன்றாகிவிடுவோம். கதையின் ஒரு மூலையை மட்டும் சொல்கிறேன். அந்தக் கிழவரிடம் ஒரு பையன் பயிற்சி பெறுகிறான். தினமும் விடிகாலையில் அவருக்குக் கவசம் மாட்டி, வார்களை இறுக்கிவிடுவது அவன் வேலை. இந்த வகைக் கதைகளில் இது சகஜமான காட்சி, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நிஜத்திலும் 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ இருக்கும். எடை உடம்பெங்கும் பரவியிருப்பதால் அதை அணிந்தவன் ஓடலாம், தானே குதிரை ஏறலாம் (கிரேன் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள் என்பதெல்லாம் சினிமா). ஆனால் தோளிலும் முதுகிலும் இருக்கும் வார்களைத் தானே இறுக்கிக்கொள்வது பெரும்பாடு. அதற்காகத்தான் கூடவே ஒரு பையன். ஆக, அந்தக் காட்சிகளை முதல் தடவை நான் கடகடவென்று தாண்டிப் போனேன்.

அந்த உலகத்தில் மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. பயன்படுத்துபவனுக்கு விரல் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல உணர்ச்சி செத்துக்கொண்டே வரும். நைட்டுகளுக்கு அது தடைசெய்யப்பட்ட வித்தை, தொட்டால் பதவி போய்விடும், தலையும் போகலாம். இது முதல் பாகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது, ஆனால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

தம்பி உளறிய பிறகு இரண்டாம் பாகத்தை மூடிவைத்துவிட்டு முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன். கோபத்தில்தான் எடுத்தேன், கிழவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று. பிடித்தும்விட்டேன். பையன் தோள் வாரை இறுக்கிவிட்டு, “போதுமா ஐயா, இறுக்கமாக இருக்கிறதா?” என்று கேட்கிறான். “நீ சொன்னால் சரிதான்” என்கிறார் அவர். முதல் தடவை படித்தபோது அது எனக்கு வெறும் பாசமாகத் தெரிந்தது. மாணவன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அவருக்குத் தோள்வரை மரத்துப்போயிருக்கிறது. வார் இறுகியிருக்கிறதா என்பது அவருக்கே தெரியவில்லை, பையன் சொல்லித்தான் தெரிய வேண்டும். அவருடைய ரகசியத்துக்கு மிக அருகில் தினமும் கை வைப்பவன் அந்தப் பையன். கடைசியில் அவர் விற்கப்போவதும் அவனைத்தான்.

இப்படி ஒவ்வொன்றாகக் கிடைத்தது. சாப்பிடும்போதும் கழற்றாத கையுறை. கொதிக்கும் பாத்திரத்தை எல்லோரும் பார்க்க நகர்த்திவிட்டு, கூட இருப்பவர்கள் ‘என்ன நெஞ்சுரம்!’ என்று சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்காமல் இருப்பது. துரோகி யார் என்று தெரியாதவனுக்கு இதெல்லாம் ஒரு கிழவரின் பழக்கவழக்கம். தெரிந்தவனுக்கு, பையன் அந்தக் கையுறையை எப்போது கவனிக்கப்போகிறானோ என்று ஒவ்வொரு காட்சியிலும் அடிவயிற்றில் ஒரு பயம். அந்தப் பயத்தை எழுத்தாளர் மெனக்கெட்டுக் கட்டிவைத்திருக்கிறார். முதல் வாசிப்பில் நமக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அவர் ஏன் மந்திரத்தைத் தொட்டார் என்பதை இங்கே சொல்லமாட்டேன். அது மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது, என் தம்பியும் அதை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

‘அப்படியானால் எல்லாரும் முடிவைத் தெரிந்துகொண்டே படிக்கலாமே’ என்று கிளம்பும் ஒரு கூட்டம் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கையில் ஓர் ஆய்வும் வைத்திருப்பார்கள்: 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் நடந்தது, முடிவை முன்பே சொல்லிக் கொடுத்த கதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று வந்தது. அங்கே படிக்கக் கொடுத்தவை சிறுகதைகள். ஆயிரம் பக்கப் பாகங்கள் பலவற்றில் ஓர் ஆளோடு குடும்பம் நடத்தியவனின் வலியை ஒரு சிறுகதையில் அளக்க முடியாது. 2015இல் வந்த வேறோர் ஆய்வு நேர்மாறாக, ஸ்பாய்லர் (முடிவை முன்பே போட்டு உடைப்பது) ரசனையைக் குறைக்கிறது என்றது. சரி, ஆய்வுகளை விடுங்கள்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பாட்டன், ஆங்கில எழுத்தாளர் மாலரி எழுதிய ஆர்தர் அரசனின் கதை. அச்சகர் காக்ஸ்டன் அதை 1485இல் அச்சிட்டார். (இதற்கும் ‘ஸ்பாய்லர்’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை, ஐந்நூறு வருஷம் டைம் கொடுத்தாயிற்று.) புத்தகத்தின் தலைப்பே ஆர்தர் செத்துப்போவான் என்கிறது. உள்ளே போனால் மந்திரவாதி மெர்லின் அதைவிட மோசம், என் தம்பியெல்லாம் அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். கினிவெரைக் கல்யாணம் செய்யாதே, லான்ஸ்லாட் என்னும் நைட் அவளைக் காதலிப்பான் என்று ஆர்தரிடம் முன்பே சொல்லிவிடுகிறான். ஆர்தரின் எக்ஸ்காலிபர் வாளைப் பற்றி, வாள் பிடித்திருக்கிறதா, உறை பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான். வாள்தான் என்கிறான் ஆர்தர். அந்த உறை பத்து வாளுக்குச் சமம், அதை அணிந்திருக்கும்வரை உன் உடம்பிலிருந்து ரத்தம் போகாது என்கிறான் மெர்லின். பிறகு, நீ மிகவும் நம்பும் ஒரு பெண் வாளையும் உறையையும் திருடுவாள் என்றும் எச்சரிக்கிறான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆர்தர் என்ன செய்கிறான்? இரண்டையும் தன் சகோதரி மார்கன் லே ஃபேயிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்கிறான்!

அப்புறம் நடப்பதுதான் அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை. மந்திரத்தில் சிக்கி ஒரு சிறையில் கண்விழிக்கும் ஆர்தர், அங்கே அடைபட்ட மற்ற நைட்டுகளின் விடுதலைக்காக ஒரு சண்டைக்கு ஒப்புக்கொள்கிறான். எதிரே நிற்பவன் மார்கனின் காதலன் அக்கலான், ஆர்தரின் சொந்த அரசவை நைட். முகம் மூடிய கவசத்துக்குள் இருப்பது யாரென்று இருவருக்கும் தெரியாது. ஆர்தர் கையில் மார்கன் அனுப்பிய போலி வாள், அக்கலான் கையில் நிஜ எக்ஸ்காலிபர், இடுப்பில் அந்த உறை. ஆர்தருக்கு ரத்தம் ஆறாக ஓடுகிறது, எதிராளிக்கு ஒரு சொட்டுக் கூட இல்லை. ஆர்தருக்கு விஷயம் புரிவதற்கு முன்பே நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அந்தச் சண்டையைப் பார்க்க முடியாமல் பார்க்கிறோம். ஏரிப்பெண் என்னும் மந்திரக்காரி தன் வித்தையால் அக்கலான் கையிலிருந்து வாளை விழவைக்கும்வரை இந்த வேதனை தொடர்கிறது.

மெர்லினின் கதையும் இதேதான். தன்னை உயிரோடு மண்ணுக்குள் அடைப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தால் உன் வித்தையால் தடுத்துக்கொள்ளேன் என்கிறான் ஆர்தர். முடியாது என்கிறான் மெர்லின். போய் மாட்டிக்கொள்ளவும் செய்கிறான்.

‘லான்ஸ்லாட் துரோகம் செய்கிறான்’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் என்ன தெரிந்துவிடும்? ஒன்றும் தெரியாது. ஆர்தரின் வட்டமேசை நைட்டுகள் வருஷா வருஷம் பெந்தெகொஸ்தே நாளில் சத்தியம் செய்பவர்கள்: கொலை பாதகம் கூடாது, துரோகம் கூடாது, இரக்கம் கேட்பவனுக்கு இரக்கம் காட்ட வேண்டும், பெண்களுக்குத் துணை நிற்க வேண்டும். லான்ஸ்லாட் அரசனுக்குச் செஞ்சோற்றுக்கடன் பட்டவன். அரசி கினிவெரையோ, அவனோடு உறவு வைத்தாள் என்று எரிக்கக் கொண்டுபோகிறார்கள். சத்தியத்தின் ஒரு பாதியைக் காப்பாற்றினால் மறு பாதி உடைகிறது. அவளை மீட்கும் கைகலப்பில், தன் கையாலேயே நைட் ஆக்கிய கேரத்தை, ஆயுதமில்லாமல் நின்றவனை, யாரென்று தெரியாமலே வெட்டிவிடுகிறான். கேரத்தின் அண்ணன் கவைன் அதன்பின் சாகும் தறுவாய்வரை சமாதானத்துக்கு இறங்கிவரவே இல்லை, ராஜ்யமே உடைகிறது. இதில் துரோகி யார்? நான் இன்னும் லான்ஸ்லாட் பக்கம்தான், என் தம்பி கவைன் பக்கம். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் ஓயாது.

அதனால் உங்கள் தோழி உடைத்தது ‘யார்’ என்பதை மட்டும்தான். ‘ஏன்’ என்பதையும், அதற்காக அவன் என்ன இழந்தான் என்பதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். விக்கி பக்கங்கள் பக்கம் போகாதீர்கள். பாத்திரத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டவே தட்டாதீர்கள், பெயரை முடிக்கும் முன்பே ‘சாவு’ என்று அதுவாகப் பக்கத்தில் சேர்த்துக் காட்டும். புத்தகத்தின் கடைசியில் வரும் குலமரபுப் பட்டியலும் ஆபத்து. முந்தைய பாகத்தில் உயிரோடு இருந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டுவைத்திருப்பார்கள். நேரம் இருந்தால் முதல் பாகத்தில் அந்த ஆள் வரும் இடங்களை மட்டும் திரும்பப் படித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்குப் போங்கள். முழுதும் படிக்கத் தேவையில்லை.

புத்தகங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பாதித் தொடரில் அட்டையையும் அளவையும் மாற்றும் பதிப்பாளர்களை யார் கேட்பது? என் அலமாரியில் முதல் மூன்று பாகங்கள் ஒரே உயரம், கறுப்பு முதுகு. நான்காவது இரண்டு விரல் உயரம் கூடுதல், வெள்ளை முதுகு, தலைப்பு எழுத்துரு வேறு. விளக்கம் கேட்டு எழுதினேன், ‘புதிய வாசகர்களைக் கவர்வதற்காக’ என்று பதில் வந்தது. நான்காம் பாகத்திலிருந்து தொடங்கும் புதிய வாசகர் எந்த ஊரில் இருக்கிறார்? முதல் மூன்றையும் வாங்கிய பழைய வாசகன் என்ன பாவம் செய்தான்? வரைபடத்தையோ இரண்டு பக்கத்துக்கு நடுவே அச்சடித்து, தலைநகரத்தைச் சரியாகப் பைண்டிங் மடிப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். யார் எங்கே முற்றுகையிடுகிறார்கள் என்று பார்க்க முதுகை உடைத்தால்தான் உண்டு.

தோழியோடு பேசுவதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் சொந்த விஷயம், நான் தலையிடமாட்டேன். ஆனால் அவள் தொடரை முடித்தவள். மூன்றாம் பாகத்தை முடிக்கும் ராத்திரி இதைப் பற்றிப் பேச உங்களுக்கு யாராவது வேண்டியிருக்கும், வீட்டில் வேறு யாரும் படிக்கவில்லை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பின்குறிப்பு: மூன்றாம் பாகத்தின் பின்னட்டையைப் படிக்காமல் நேராக முதல் அத்தியாயத்தைத் திறங்கள். பின்னட்டை எழுதுபவர்கள் தோழியை விட மோசம்.