இரண்டு பிராண்டு பெட்டிகள், ஒரே ஃபிளைட் பிளான்: கேள்வி பதில்

சின்ன விமானங்களின் பேனல் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். நேவிகேட்டர் (ஜிபிஎஸ் வைத்து வழி காட்டும் பெட்டி) ஒரு கம்பெனி, டிஸ்பிளே இன்னொரு கம்பெனி, கையில் ஐபேட் என்பதுதான் இன்று பல காக்பிட்டின் நிலைமை. வந்த கேள்விகளில் எல்லோருக்கும் உதவுகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், என் நேவிகேட்டர் கார்மின் ஜிடிஎன் 650. டிஸ்பிளே ஆஸ்பென். நேவிகேட்டரில் போடும் பிளான் டிஸ்பிளேயில் எப்படித் தெரிகிறது? இரண்டும் வேறு வேறு கம்பெனி ஆயிற்றே?

நடுவில் ஒரு பொது மொழி இருக்கிறது, ஏரிங்க் 429. 1970களின் கடைசியில் பெரிய விமானங்களுக்காக வந்தது. முறுக்கிய இரண்டு ஒயர், மேலே ஷீல்டு. ஒருவர் மட்டும் பேசுவார், இருபது பேர் வரை கேட்கலாம். கேட்பவர் அதே ஒயரில் பதில் சொல்ல முடியாது. அதற்குத் தனி ஜோடி இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு செய்தியும் 32 பிட். அதில் 8 பிட் லேபிள், அதாவது ‘இது என்ன விவரம்’ என்ற எண். ஃபிளைட் பிளான் அனுப்ப, அமெரிக்காவின் சிறு விமான உற்பத்தியாளர் சங்கமான காமா ஒரு தனி வழக்கம் வகுத்தது. அதைத்தான் காமா 429 என்கிறோம். லேபிள் 306-ல் ஒரு வேபாயிண்டின் (வழியில் வரும் பெயரிட்ட புள்ளி) அட்சரேகை, 307-ல் தீர்க்கரேகை. ஒரு செய்தியில் மூன்று எழுத்துக்குத்தான் இடம் என்பதால் ஐந்தெழுத்துப் பெயர் 304, 305 என்று இரண்டு துண்டாகப் போகும். டிஸ்பிளே அந்தத் துண்டுகளை ஒட்டி, புள்ளிகளை வைத்து, நடுவே கோடு போடுகிறது. அந்தக் கோடு டிஸ்பிளே தானாக வரைந்தது என்பதை மனதில் வையுங்கள். அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

கேள்வி: நேவிகேட்டர் மேப்பில் டிஎம்இ ஆர்க் (ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து ஒரே தூரத்தில் சுற்றிப் போகும் பாதை) வளைவாக இருக்கிறது. பக்கத்து டிஸ்பிளேயில் அதே இடம் நேர்கோடு. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. என் கையில் வந்த ஒரு விமானத்திலும் இதே கதைதான். ஆட்டோபைலட் கெட்டுப்போய்விட்டது என்றே உரிமையாளர் நம்பிவிட்டார். காரணம், டிஸ்பிளேயில் கோடு நேராகப் போக, விமானம் கோட்டை விட்டு வெளியே வளைந்து போயிருக்கிறது. உண்மையில் விமானம் போனதுதான் சரி. ஆட்டோபைலட்டுக்கு ‘இவ்வளவு சாய்’ என்ற கட்டளை 121 என்ற லேபிளில் தனியாகப் போகிறது. மேப் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நேவிகேட்டரைக் கான்ஃபிகரேஷன் மோடில் எழுப்பி, ஏரிங்க் அவுட்புட் பக்கத்தைப் பார்த்தேன். வெறும் ‘காமா 429’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ‘காமா 429 கிராஃபிக்ஸ்’ இருக்கிறது. அதில் வளைவும் ஹோல்டிங் பேட்டர்னும் (காத்திருக்கும்போது சுற்றும் பாதை) சேர்ந்து போகும். மாற்றினேன், அடுத்த தடவை பவர் போட்டதும் வளைவு வந்துவிட்டது. ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. ஆனால் இது பைலட் மாற்றும் இடம் இல்லை, லைசன்ஸ் உள்ள கடையில் செய்துகொள்ளுங்கள். உங்கள் டிஸ்பிளேயும் கிராஃபிக்ஸ் செய்தியைப் புரிந்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: பேனலில் இரண்டு நேவிகேட்டர்: மேலே ஜிடிஎன், கீழே அவிடைன் ஐஎஃப்டி 440. ஒன்றில் போட்டால் மற்றதுக்குத் தானாகப் போகுமா அண்ணா?

போகாது. பிளானைத் தானாகக் கடத்தும் கிராஸ்ஃபில் என்பது அந்தந்தக் கம்பெனி தன் வீட்டுக்குள் பேசும் பாஷை. ஐபேடை நடுவில் வைப்பதுதான் நடைமுறை வழி: ஃபோர்ஃபிளைட் ஆப்பில் பிளான் போட்டு, கார்மினுக்கு அதன் ஃபிளைட் ஸ்ட்ரீம் என்ற வயர்லெஸ் கருவி வழியாகவும், அவிடைனுக்கு அதன் வைஃபை வழியாகவும் அனுப்பலாம். நடுவானில் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ரூட் மாற்றினால் இரண்டு பெட்டியிலும் மாற்ற வேண்டும். மறக்கிற இடம் அதுதான்.

கேள்வி: ஐபேடிலிருந்து அப்ரோச்சும் (ஓடுபாதையில் இறங்க வகுத்த பாதை) சேர்த்து அனுப்பிவிடலாமே?

வேண்டாம். அப்ரோச் என்பது புள்ளிகளின் வரிசை மட்டும் இல்லை. நேவிகேட்டர் டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான ஏரிங்க் 424 என்ற தரத்தில் 23 வகை லெக் (பாதையின் ஒரு துண்டு) உண்டு. ‘இந்த உயரம் வரும்வரை இந்தத் திசையில் போ’ என்பது ஒரு லெக். அதற்குப் புள்ளியே கிடையாது. பெயரும் இடமும் மட்டும் தாண்டிப்போனால் அந்த உத்தரவு வழியில் உதிர்ந்துவிடும். ரூட்டை ஐபேடிலிருந்து அனுப்புங்கள். எஸ்ஐடி (கிளம்பும் பாதை), ஸ்டார் (வந்துசேரும் பாதை), அப்ரோச் மூன்றையும் எந்தப் பெட்டி பறக்கப்போகிறதோ அதன் டேட்டாபேஸிலிருந்தே ஏற்றுங்கள்.

கேள்வி: பெயர் சரியாக வந்துவிட்டால் இடமும் சரிதானே? ஒவ்வொரு லெக்கையும் ஒப்பிடச் சொல்கிறார் என் இன்ஸ்ட்ரக்டர். நேரம் போகிறது.

தம்பி, உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதைக் கேளுங்கள். 1995 டிசம்பர் 20. மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலிக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757. கடைசி நேரத்தில் நேரடியாக இறங்கும் அப்ரோச் கிடைத்தது. வழியில் ரோஸோ என்ற ரேடியோ பீக்கன். சார்ட்டில் அதன் அடையாளம் ‘ஆர்’. பைலட் கம்ப்யூட்டரில் ‘ஆர்’ என்று அடித்து, பட்டியலில் முதலில் வந்ததை ஏற்றுக்கொண்டார். அது பொகோட்டா பக்கம், 130 மைலுக்கு மேல் தள்ளி இருந்த ரோமியோ என்ற பீக்கன். அதற்கும் ‘ஆர்’தான் அடையாளம். ரோஸோவைக் கூப்பிட முழுப் பெயரையும் அடித்திருக்க வேண்டும். விமானம் இடதுபக்கம் மலையை நோக்கித் திரும்பியது. இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

அங்கே இரண்டு பிராண்டு பெட்டி இல்லை. அச்சடித்த சார்ட்டும் விமானத்தின் டேட்டாபேஸும் ஒரே எழுத்தை இரண்டு விதமாகப் படித்தன, அவ்வளவுதான். உங்கள் ஐபேடில் ஒரு டேட்டாபேஸ், பேனலில் இன்னொன்று. இரண்டும் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒன்றை அப்டேட் செய்து மற்றதை விட்டிருந்தால், ஒரே பெயர் இரண்டு இடத்தைக் குறிக்கலாம்.

ஜிடிஎன்னில் ஐபேட் பிளான் வந்தால் முதலில் பிரிவியூ காட்டி உங்களிடம் சம்மதம் கேட்கும். அங்கேதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு லெக்கின் தூரத்தையும் திசையையும் ஐபேடோடு ஒப்பிடுங்கள். திசையில் ஒரு டிகிரி வித்தியாசம் வரலாம், பரவாயில்லை. தூரம் ஒத்துவரவில்லை என்றால் ஏற்காதீர்கள். பத்து லெக் பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதுவும் தரையில்.

கேள்வி: நான் வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். கார்மின் எஃப்பிஎல் ஃபைல் எக்ஸ்-பிளேனில் திறக்கவில்லை.

எக்ஸ்-பிளேனுக்கு எஃப்எம்எஸ் ஃபைல், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு பிஎல்என். லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருள் இவற்றை ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றித் தரும்.

கேள்வி: சொந்தமாகக் கட்டும் விமானம். பழைய கார்மின் 430-லிருந்து டைனான் ஸ்கைவியூவுக்கு ஏரிங்க் இழுத்தேன். ஒன்றுமே வரவில்லை. டிஸ்பிளே போய்விட்டதா?

டிஸ்பிளேயைக் கழற்றாதீர்கள். ஏரிங்க் 429-க்கு இரண்டு வேகம்: நொடிக்கு 12.5 கிலோபிட், 100 கிலோபிட். இரண்டு முனையிலும் ஒன்றாக இல்லையென்றால் ஒரு எழுத்துக்கூட வராது. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஏ, பி ஒயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பின் நம்பரோடு பாருங்கள். நான் பார்த்தவரை புதிதாக ஒயர் இழுப்பவர்களிடம் அதிகம் நடப்பது இதுதான். ஸ்கைவியூ நேரடியாக ஏரிங்க் வாங்காது, நடுவே டைனானின் ஏரிங்க் மாட்யூல் வேண்டும். அதற்கு பவர் வருகிறதா? மூன்றும் சரியென்றால் 430-ல் ஒரு பிளானை ஆக்டிவேட் செய்துவிட்டுப் பாருங்கள். பெட்டியில் பிளானே இல்லாமல் ஒயரைச் சந்தேகப்பட்டு ஒரு முழு மத்தியானத்தை நானே கழித்திருக்கிறேன்.