ஓடுகிற ரெய்டில் கை வைக்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டைப் பற்றியவை, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து ஒரே டிஸ்க்காகக் காட்டும் ஏற்பாட்டைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ரெய்டைக் கையாளும் எம்டிஏடிஎம் என்ற கட்டளையை ஓரளவாவது தொட்டுப் பார்த்தவர்களுக்கான பதில்கள் இவை. பேக்கப் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் இங்கேயே மொத்தமாகக் கேட்டுவிடுகிறேன். இல்லை என்பவர்கள் முதலில் ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, தொலைந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றுவதை மட்டுமாவது நகல் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். இரண்டு 4 டிபி டிஸ்க்குகள் ரெய்டு 1-இல் (ஒன்றின் நகல் மற்றதில்) ஓடுகின்றன, நிரம்பிவிட்டன. மூன்றாவதாக ஒரு 4 டிபி வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்காமல் ரெய்டு 5-ஆக மாற்ற முடியுமா சார்?

முடியும். அதுவும் நீங்கள் நினைப்பதைவிட எளிதாக. ரெய்டு 5-இல் பாரிட்டி என்பது, ஒரு டிஸ்க் போனாலும் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவுவது; மற்ற டிஸ்க்குகளில் இருப்பதை எக்ஸ்ஓஆர் (பிட்டுகளை ஒப்பிடும் ஒரு கணக்கு) போட்டு வரும் விடை. மொத்தமே இரண்டு டிஸ்க் என்றால், ஒன்றில் டேட்டா, மற்றதில் அந்த ஒரே ஒரு டேட்டாவின் எக்ஸ்ஓஆர். அதாவது அதே டேட்டாதான். ஆக, இரண்டு டிஸ்க் ரெய்டு 1-ம் இரண்டு டிஸ்க் ரெய்டு 5-ம் உள்ளே பார்த்தால் ஒன்றுதான். அதனால் முதல் படியில் டிஸ்க்கில் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. ‘க்ரோ’ கட்டளைக்கு ‘லெவல் 5’ என்று சொன்னால் கண் இமைக்கும் நேரத்தில் பெயர்ப்பலகை மாறிவிடும். மூன்று டிஸ்க் மிரர் (ரெய்டு 1) வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் இரண்டாகக் குறைத்துவிட்டு வர வேண்டும்.

உண்மையான வேலை இரண்டாவது படியில். புது டிஸ்க்கை ‘ஆட்’ செய்து, டிஸ்க் எண்ணிக்கையை 3 என்று ‘க்ரோ’ செய்யுங்கள். இப்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒவ்வொரு துண்டாக எடுத்து, மூன்று டிஸ்க்கிலும் பரப்பி, பாரிட்டி போட்டு எழுதும். இதைத்தான் ரீஷேப் என்கிறோம். விநாடிக்கு 40 எம்பி வேகத்தில் போனால் 4 டிபிக்கு ஏறக்குறைய 28 மணி நேரம். அதுவரை ஸ்டுடியோவை மூட வேண்டாம், ஃபைல்களைத் திறந்து வேலை செய்யலாம், கொஞ்சம் மெதுவாக இருக்கும். கல்யாண சீசனில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

ரீஷேப் முடிந்த பிறகும் பழைய 4 டிபிதான் காட்டும். பதறாதீர்கள், அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் பழைய டிஸ்க்குகளை ஒரு முறை முழுக்கப் படிக்க வையுங்கள். ரெய்டின் ‘சிங்க் ஆக்ஷன்’ ஃபைலில் ‘செக்’ என்று எழுதினால் போதும், டிஸ்க்கின் சிறு துண்டான ஒவ்வொரு செக்டரையும் தொட்டுப் பார்த்துவிடும். படிக்க முடியாத செக்டர் இருந்தால் அது இன்றே தெரியட்டும், ரீஷேப் பாதி வழியில் இருக்கும்போது தெரிய வேண்டாம். டெபியன்காரர்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் இது தானாகவே நடக்கும். “ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்வர் மெதுவாக இருக்கிறது” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: நான்காவது டிஸ்க்கைச் சேர்த்துவிட்டேன். கட்டளை பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் இடம் ஒரு எம்பி கூட ஏறவில்லையே?

‘ஆட்’ என்றால் அது ஸ்பேராக உட்காரும், அவ்வளவுதான். ஸ்டெப்னி மாதிரி. வண்டியில் இருக்கும், ஆனால் ஓடாது. டிஸ்க் எண்ணிக்கையை ‘க்ரோ’ மூலம் கூட்டினால்தான் வேலைக்கு வரும். அது முடிந்த பின் ஃபைல் சிஸ்டத்தைத் தனியாக விரிக்க வேண்டும்: இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ்’. இரண்டையும் மவுன்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம். நடுவில் எல்விஎம் (இடத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) இருந்தால் அதையும் விரிக்க வேண்டும். கீழிருந்து மேலே: டிஸ்க், ரெய்டு, எல்விஎம், ஃபைல் சிஸ்டம்.

கேள்வி: அப்படியென்றால் குறைக்கும்போது? நான்கு 2 டிபி டிஸ்க் ரெய்டு 5-இல் ஒன்றை உருவி வேறு கம்ப்யூட்டருக்குப் போட வேண்டும்.

அப்படியே தலைகீழ். மேலிருந்து கீழே வர வேண்டும், இங்கே வரிசை தப்பினால் டேட்டா போனது போனதுதான். உங்கள் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை இந்த அளவுக்குச் சுருக்க முடியாது, காப்பி செய்துதான் ஆக வேண்டும்.

இஎக்ஸ்டி4 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 6 டிபி, மூன்று டிஸ்க்கில் 4 டிபி ஆகும். அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டம் சோதனையை முழுதாக ஓட்டி, பிறகு 3.5 டிபிக்குச் சுருக்குங்கள். சரியாக 4 என்று கணக்குப் போட்டு வெட்டாதீர்கள். தையற்காரர் விடுகிற மடிப்பு மாதிரி கொஞ்சம் விட்டு வெட்டுங்கள், கடைசியில் விரித்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘அரே சைஸ்’ என்ற விருப்பத்தால் ரெய்டின் வெளி அளவை மட்டும் 4 டிபிக்குக் குறையுங்கள். இந்தப் படியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதைத் திருப்பிப் போட முடியும். டிஸ்க்கில் எதுவும் நகர்வதில்லை, வால் பகுதி மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் ஃபைல் சிஸ்டத்தை மறுபடி சோதியுங்கள், மவுன்ட் செய்து நான்கைந்து பெரிய ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஏதாவது முரண்டு பிடித்தால் அளவை ‘மேக்ஸ்’ என்று வைத்துப் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். எல்லாம் சரி என்றால் மட்டும் டிஸ்க் எண்ணிக்கையை 3 ஆக்குங்கள். பேக்கப் ஃபைல் எங்கே வைப்பது என்று கேட்கும். அதை இதே ரெய்டின் மேல் வைக்கக் கூடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதையாகிவிடும். முடிந்ததும் நான்காவது டிஸ்க் ஸ்பேராக நிற்கும், கழற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ரீஷேப் 37 சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது. மறுபடி ஆன் செய்யவே பயமாக இருக்கிறது அண்ணா.

ஆன் செய்யுங்கள். எந்த இடம் வரை வந்தோம் என்பதை ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் (ரெய்டின் விவரங்கள் இருக்கும் இடம்) கெர்னல் குறித்துக்கொண்டேதான் வரும். பெரும்பாலும் டிஸ்க்குகள் ரெய்டாகச் சேர்ந்து அசெம்பிள் ஆனதும் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். ‘ஆட்டோ ரீட் ஒன்லி’ என்று காட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அது கோளாறு இல்லை, யாராவது எழுதும் வரை காத்திருக்கிறது. ‘ரீட்ரைட்’ என்று மாற்றிவிட்டால் நகரும்.

பேக்கப் ஃபைல் கொடுத்து ஆரம்பித்திருந்தால், அசெம்பிள் செய்யும்போதும் அதே ஃபைலைக் காட்ட வேண்டும். அது எதற்கு என்றால், சில மாற்றங்களில் படிக்கும் இடமும் எழுதும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழும். சங்க் அளவை, அதாவது டேட்டாவைப் பிரித்து எழுதும் துண்டின் அளவை, மாற்றுவது அப்படி ஒன்று. ஒரு டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு 5-ஐ இரண்டு பாரிட்டி உள்ள ரெய்டு 6 ஆக்குவதும் அப்படித்தான், ஏனென்றால் டேட்டா டிஸ்க்குகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தத் துண்டின் பழைய வடிவமும் இருக்காது, புது வடிவமும் முழுமையாக இருக்காது. அதைத்தான் அந்த ஃபைலில் முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்கள். ஃபைல் தொலைந்துவிட்டால் ‘இன்வேலிட் பேக்கப்’ என்று சொல்லித் தொடரலாம், ஆனால் அந்தச் சிறு பகுதி கெட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுதான். புதிய கெர்னலும் புதிய எம்டிஏடிஎம்மும் இருந்தால், டேட்டா தொடங்கும் இடத்தையே சற்று நகர்த்திக்கொண்டு, பல நேரங்களில் இந்த ஃபைலே வேண்டாம் என்று சமாளித்துவிடும்.

கேள்வி: மூன்று 2 டிபி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக 4 டிபியாக மாற்ற வேண்டும். ஒன்றை ஃபெயில் செய்து கழற்றி, புதியதைப் போட்டு ரீபில்ட் (டேட்டாவைத் திரும்ப நிரப்புவது), பிறகு அடுத்தது. சரிதானே?

பழைய முறை அது. நடக்கும், ஆனால் மூன்று முறை பாதுகாப்பில்லாமல் கயிற்றின் மேல் நடக்கிறீர்கள். ஒரு சாட்டா போர்ட் காலியாக இருந்தால், புதியதைக் கூடவே மாட்டி ‘ரீப்ளேஸ்’ கொடுங்கள். கெர்னல் 3.3 முதலே இந்த வசதி இருக்கிறது. பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே புதியதற்கு நகல் எடுக்கும், பாரிட்டி கடைசி வரை துணைக்கு இருக்கும், நகல் முடிந்த பிறகுதான் பழையது விலகும். மூன்றும் மாறியதும் ‘க்ரோ’, ‘சைஸ் மேக்ஸ்’, அப்புறம் ஃபைல் சிஸ்டம்.

இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே புதியதற்கு நகல் எடுத்தால் அங்கும் 2 டிபி பார்ட்டிஷன்தான் வரும், ‘மேக்ஸ்’ என்றாலும் நகராது. ஜிபிடி வகை அட்டவணை போட்டு, பெரிதாகவே பார்ட்டிஷன் செய்யுங்கள். கடைசியில் ஒரு 100 எம்பி சும்மா விடுங்கள், நாளைக்கு வாங்கும் டிஸ்க் இதைவிட இத்தனூண்டு சிறியதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது, எஸ்எம்ஆர் வகை டிஸ்க் வேண்டாம். ஓட்டு வேய்ந்தது போலத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் வகை அது. சும்மா ஃபைல் போட்டு வைக்கச் சரி, மணிக்கணக்கில் விடாமல் எழுதச் சொன்னால் மூச்சு முட்டும். விலை குறைவாக இருக்கிறது என்று கடைக்காரர் நீட்டினால் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து டிஸ்க் ரெய்டு 5. ஒரே இரவில் இரண்டு டிஸ்க் வெளியே தள்ளப்பட்டன. ‘க்ரியேட்’ கட்டளையை அதே டிஸ்க்குகளோடு மறுபடி ஓட்டினால் வந்துவிடும் என்கிறார் நண்பர்.

கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். நண்பர் சொல்வது சில நேரம் பலிக்கும், அதுதான் அதிலுள்ள ஆபத்தே.

‘க்ரியேட்’ பழைய சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிதாக எழுதும். டிஸ்க் வரிசை, சங்க் அளவு, பாரிட்டி அமைப்பு, டேட்டா தொடங்கும் இடம் எல்லாம் பழையபடியே இருந்தால்தான் டேட்டா தெரியும். இதில் கடைசியது பலரைக் கவிழ்த்திருக்கிறது. 1.2 வகை சூப்பர்பிளாக் உள்ள ரெய்டில் பழைய எம்டிஏடிஎம் டேட்டாவை 2048-ஆவது செக்டரில் தொடங்கியது, பின்னர் வந்தவை 262144 போல வெகு தள்ளிப்போய்த் தொடங்குகின்றன. பல வருடத்துக்கு முந்தைய ரெய்டை இன்றைய நிரலால் ‘க்ரியேட்’ செய்தால் வரிசையெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே குப்பைதான் தெரியும். அதோடு அது ரீபில்டை வேறு தொடங்கிவிட்டால், தவறான கணக்கில் வந்த பாரிட்டியை உங்கள் போட்டோக்களின் மேல் எழுதத் தொடங்கும்.

செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ‘எக்ஸாமின்’ ஓட்டி, வரும் விவரத்தை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள். அதில் ‘ஈவென்ட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். உங்களுக்கு நான்கு டிஸ்க் இருந்தால் போதும், எனவே எண் நெருக்கமாக உள்ள நான்கைத் தேர்ந்தெடுங்கள். வெளியே போன இரண்டில் ஒன்று 18230, உள்ளே உள்ளவை 18236 என்றால் அது கடைசி நிமிடத்தில் விழுந்தது, நம்பலாம். 9000 சொச்சம் காட்டினால் அது என்றைக்கோ விழுந்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. அதைச் சேர்க்கவே கூடாது. ரெய்டை நிறுத்தி, அந்த நான்கோடு ‘அசெம்பிள்’, கூடவே ‘ஃபோர்ஸ்’. வந்ததும் ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்து முதலில் காப்பி எடுங்கள்.

டேட்டா அருமையானது என்றால் இதைக்கூட நேரடியாக டிஸ்க்கின் மேல் செய்ய வேண்டாம். டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் வழியாக ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஓர் உறை போடலாம். எழுதுவதெல்லாம் உறையில் போகும், டிஸ்க் தொடப்படாது. தவறினால் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முயலலாம்.

இரண்டு டிஸ்க் ஒரே இரவில் செத்தது என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பவர் கேபிளைப் பாருங்கள். அடுத்து, சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்காக இருந்தால், படிக்க முடியாத ஒரு செக்டரோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் கூட மல்லுக்கட்டும். லினக்ஸ் 30 விநாடியில் பொறுமை இழந்து டிஸ்க்கைத் தள்ளிவிடும். டிஸ்க் இடம் கொடுத்தால் அதன் பிழை மீட்பு நேரத்தை ஸ்மார்ட் கருவி வழியாக 7 விநாடியாக வையுங்கள், கொடுக்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 விநாடியாகக் கூட்டுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. ஓர் அலுவலகத்தில் மூன்று டிஸ்க் ரெய்டில் எஸ்டிபி என்ற பெயருள்ள டிஸ்க் போய்விட்டது. திரையில் இரண்டு ‘யு’, போன டிஸ்க்குக்கு ஓர் அடிக்கோடு. ரீபூட் செய்துவிட்டு எஸ்டிபியைக் கழற்றினேன். ரீபூட்டில் பெயர்கள் இடம் மாறியிருந்தன, நான் உருவியது நல்ல டிஸ்க். ‘ஃபோர்ஸ்’ காப்பாற்றியது, ஆனால் அந்த நாற்பது நிமிடம் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, கேபினட்டைத் திறந்ததும் கண்ணில் படும் ஓரத்தில் ஒட்டிவிடுகிறேன்.

கேள்வி: டேட்டா இருக்கும் ஒற்றை டிஸ்க்கை அழிக்காமல் மிரர் ஆக்க வழி உண்டா?

உண்டு. புது டிஸ்க்கை மட்டும் வைத்து ரெய்டு 1 உருவாக்குங்கள், இரண்டாவது டிஸ்க்கின் இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதுங்கள். ஒற்றைக்காலில் நிற்கும் மிரர் கிடைக்கும். அதில் ஃபைல் சிஸ்டம் போட்டு டேட்டாவைக் காப்பி செய்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு பழைய டிஸ்க்கை ‘ஆட்’ செய்யுங்கள். அந்த நொடியிலிருந்து பழைய டிஸ்க்கில் இருந்தது அழியும், அதனால்தான் இரண்டு நாள். ஓஎஸ் இருக்கும் டிஸ்க் என்றால் பூட் செய்யும் நிரலான க்ரப்பை இரண்டிலும் நிறுவுங்கள். முதல் டிஸ்க் போன அன்று, இரண்டாவதில் டேட்டா முழுசாக இருந்தும் பூட் ஆகாமல் தவிக்கிறவர்கள் நிறைய.

கேள்வி: எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ரீபூட் செய்தால் ரெய்டின் பெயர் எம்டி0 என்பது எம்டி127 ஆகிவிடுகிறது. டேட்டாவுக்கு ஆபத்தா?

ஒன்றும் இல்லை. பூட் நேரத்தில் உங்கள் ரெய்டை அடையாளம் தெரியாமல், கையில் இருந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது. ‘டீடெய்ல் ஸ்கேன்’ தரும் வரியை எம்டிஏடிஎம் கான்ஃப் ஃபைலில் சேர்த்து, அதில் பழைய வரி இருந்தால் நீக்கிவிட்டு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்’, ஃபெடோரா வகையில் ‘ட்ராக்கட்’. மவுன்ட் செய்வதை எஃப்எஸ்டேபில் (மவுன்ட் பட்டியல் ஃபைல்) பெயருக்குப் பதில் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண் வைத்துச் செய்திருந்தால் 127 என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.