பதில்: கோம்த் முற்போக்கா, பழமைவாதியா?

எம்.ஏ. கட்டுரையில் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த்தை எந்தப் பெட்டியில் போடுவதென்று கேட்டிருக்கிறீர்கள். 1848இல் குடியரசை வரவேற்றவர், 1851 டிசம்பரில் அந்தக் குடியரசின் தலைவர் லூயி நெப்போலியன் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பை ஏன் ஆதரித்தார் என்பதுதானே குழப்பம்?

பெட்டியை விட்டுவிடுங்கள். அவருக்கு எரிச்சல் நாடாளுமன்றத்தின் மீது. வெறும் வாய்ச்சண்டை என்று நினைத்தார். நிர்வாகம் ஒரு கையில் இருக்கட்டும், பேச்சும் எழுத்தும் கல்வியும் அரசின் பிடிக்கு வெளியே இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. உலகியல் அதிகாரம் வேறு, அறிவு, ஒழுக்க அதிகாரம் வேறு என்ற இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் மற்றது விளங்கிவிடும். எதிர்கால ஆட்சியை மூன்று வங்கியாளர்களிடம் கொடுக்கச் சொன்னதும் இதே தர்க்கம்தான் (படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் மனுஷன் சீரியஸாகத்தான் சொல்கிறார்). யாருக்கும் உரிமை என்று எதுவும் இல்லை, கடமையைச் செய்யும் உரிமை மட்டுமே உண்டு என்பார். லிபரல் என்று எழுதினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அவருடைய முக்கியச் சீடர் லித்ரே, ஆட்சிக்கவிழ்ப்புக்குக் கொடுத்த இந்த ஆதரவைப் பொறுக்காமல் விலகிப் போனார். இதைக் கட்டாயம் சேருங்கள். 1852 டிசம்பரில் லூயி நெப்போலியன் பேரரசரானது கோம்த்துக்கே பிடிக்கவில்லை.

மனித அறிவு இறையியல், மெய்யியல், அறிவியல் என்ற மூன்று நிலைகளைக் கடக்கிறது என்ற அவருடைய மூன்று நிலை விதிக்கு ஒரு பத்தி போதும், எல்லோரும் அதையேதான் எழுதுவார்கள். 1851 முதல் 1854 வரை வந்த அவருடைய நான்கு தொகுதி அரசியல் நூலில் (Système de politique positive) முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள்.