பழைய ஃபிலிம் கேமராவின் உரிந்துபோன மேலுறையை எடுத்துவிட்டு வீட்டிலேயே தோல் ஒட்டலாமா? கேமராவின் மதிப்பு குறைந்துவிடுமா?

ஒட்டலாம். ஆனால் அடுத்து அந்தக் கேமராவைத் திறக்கப்போகிறவர் தோலைச் சேதமில்லாமல் எடுக்கும்படி ஒட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றினால் மதிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதைக் காப்பாற்றாமல் ஒட்டப்பட்ட ஒரு கேமராவோடு நான் பட்ட பாடுதான் இந்தப் பதிலை எழுத வைக்கிறது.

உங்கள் நிலையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. வீட்டுப் பெரியவர் ஒருவருடைய கேமரா உங்கள் கைக்கு வந்திருக்கும். மேலுறையின் ஓரங்கள் சுருங்கி, மூலைகள் தூக்கிக்கொண்டு, அடியிலுள்ள பழைய பசை விரலில் பிசுபிசுக்கும். மாற்றலாம் என்று வாயெடுத்தவுடனே யாரோ ஒருவர் "ஒரிஜினலைக் கெடுத்துவிடாதே" என்று பயமுறுத்தியிருப்பார். அந்த வார்த்தையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது சித்தப்பாவின் யாஷிகா எலெக்ட்ரோ 35. 1966-இல் அறிமுகமான ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும்) கேமரா வரிசை அது. எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையின் கல்யாணங்கள், காதுகுத்துகள், பள்ளிக்கூட விழாக்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் ஆல்பத்துக்குள் போயின. சித்தப்பாவின் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, "இனி நீ எடு அம்மா" என்று என்னிடம் கொடுத்தார். கொடுக்கும் முன்பு, உரிந்திருந்த முன்பக்கத்தை அழகுபடுத்தித் தர வேண்டும் என்று நினைத்து ஒரு பழுதுபார்ப்பவரிடம் விட்டு வாங்கியிருந்தார். அவர் சோபாவுக்குப் போடும் தடித்த ரெக்சினை வெட்டி, நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டிக் கொடுத்திருந்தார். பார்ப்பதற்குப் பளபளப்பாகவே இருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கண்ணாடியில் மட்டும் மெல்லிய வெண்படலம் ஒன்று. அந்தப் பசையின் ஆவி பக்கத்திலுள்ள பரப்பில் படிந்து அப்படித்தான் வெளுக்கும். சித்தப்பா அதைக் கவனிக்கவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

பிரச்சினை பிறகுதான் வந்தது. எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஃபிலிமைச் சுற்றும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் திண்டு காலப்போக்கில் நொறுங்கிவிடும். அப்போது அந்தச் சத்தம் நின்றுபோகும், ஷட்டர் வேகம் தாறுமாறாகும். அந்த வரிசைக் கேமராக்களில் எல்லோரும் அறிந்த நோய் இது. மருந்தும் எளிது, புதிய திண்டு வைக்க வேண்டும். ஆனால் அதற்காக லென்ஸ் பகுதியைக் கழற்ற வேண்டுமென்றால், அதைப் பிடித்திருக்கும் திருகுகள் முன்பக்க மேலுறைக்கு அடியில் இருக்கின்றன. அந்தத் திருகுகளின் தலைப்பள்ளத்துக்குள் பசை நிரம்பிக் கல்லாகிக் கிடந்தது. நான் கொண்டுபோன மெக்கானிக் ரெக்சினின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்க மாட்டேன், பிளந்துவிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் சொன்னது சரிதான். ஒட்டியவர்மேல்தான் இன்றுவரை கோபம். சித்தப்பா அவரை நம்பிக் கொடுத்த பொருள் அது.

மேலுறை அழகுக்காக மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலான பழைய கேமராக்களில் அதுதான் உள்ளே போகும் கதவு. தயாரித்தவர்களே திருகுகளை அதற்கு அடியில் வைத்துத்தான் மூடினார்கள். பழைய கேமராக்கள் சிலவற்றில் அரக்கைக் கொண்டு ஒட்டியிருப்பார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பின்னால் ஒருவர் திறக்க வழி இருந்தது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு நாம் போய் அந்தக் கதவைச் சுவராக்கிவிடக் கூடாது.

கடைசியில் நானே உரித்தேன். முடி உலர்த்தியின் இளஞ்சூட்டைத் தள்ளி நின்று காட்டி, ரெக்சினை இளக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்திலிருந்து நகர்த்தினேன். மென்மையான பழைய பசைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். பஞ்சில் நனைத்துத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும், ஊற்றக் கூடாது. வழிந்தால் ஷட்டருக்குள் போய்விடும். கல்லாகிக் கிடந்த பசைக்கு மட்டும், வெறும் உலோகம் தெரிந்த இடத்தில், பஞ்சுக்குச்சியின் முனையில் அசிட்டோன். அது பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் அரித்துவிடும் என்பதால் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் தொட்டேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. திருகுகள் வெளிப்பட்ட பிறகு அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திண்டை மாற்றிக் கொடுத்தார். டக் சத்தம் திரும்ப வந்தது. அதன் பிறகுதான் தோல்.

தோலைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தடிமனைப் பாருங்கள். பழைய மேலுறையின் தடிமனை வெர்னியர் காலிபரால் அளந்து, அதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ எடுக்க வேண்டும். என் கேமராவுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் சரியாக உட்கார்ந்தது. கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் வரும் தோல் இதைவிட மிகத் தடிமன், அதை ஒட்டினால் உலோக விளிம்பைத் தாண்டி மேலே நிற்கும். விரல் படும்போதெல்லாம் ஓரம் நெம்பும், நெம்புகோல்கள் உரசும், பின்கதவு முழுதாகத் திறக்காது. தடித்த தோல்தான் கையில் இருக்கிறதென்றால் பின்பக்கத்தைச் சீவிக் குறைக்கலாம். ஆனால் ஒரே சீராகச் சீவுவது பழகிய கைக்கே கடினம். மெல்லிய தோலாகவே கேட்டு வாங்குவது நல்லது.

பதனிட்ட விதமும் முக்கியம். தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரப்படுத்தினால் வளைவுக்கு அழகாகப் படியும், ஆனால் அதிலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். தோலிலுள்ள கொழுப்பு பித்தளையைத் தொட்டால் பச்சையாகப் பூக்கும். பழைய செய்ஸ் ஐகான் கேமராக்களின் மேலுறையில் கொப்புளம் போலப் புடைப்புகள் பார்த்திருப்பீர்கள். அடியிலிருக்கும் பித்தளை ஆணிகள் அரித்துப் பச்சை பிடித்து மேலே தள்ளுவதால் வருபவை அவை. புதுத் தோல் போடும் முன் அந்தப் பச்சையைச் சுரண்டி எடுத்து, ஆணித் தலைகளின்மேல் மெல்லியதாக வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் அதே புடைப்பு புதுத் தோலிலும் வரும்.

வெட்டுவதற்கு அளவுத்தாள் வேண்டும். பழைய மேலுறை முழுதாக வந்தால் அதையே வைத்து வரையலாம். சுருங்கிய பிளாஸ்டிக் உறை என்றால் அதை நம்பாதீர்கள். அதை மென்மையாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருள் வெளியேறிவிட்டதால்தான் சுருங்கியிருக்கிறது, அந்த அளவில் வெட்டினால் சுற்றிலும் உலோகம் தெரியும். மினோல்டா எக்ஸ்டி வரிசைக் கேமராக்கள் இதற்குப் பெயர்போனவை. சுருங்கிய உறையை வைத்து வரைவதைவிட, கேமராவின்மேல் காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பள்ளத்தின் விளிம்பைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டையைக் கேமராவில் வைத்துப் பார்த்து, சரியாக உட்காரும்வரை திருத்துங்கள். தோலைத் தொடுவது அதற்குப் பிறகுதான். தோலின் பின்புறத்தில் வரைவதாக இருந்தால் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும். விலங்கின் முதுகெலும்பு ஓடும் திசையில் தோல் குறைவாக இழுபடும், நீளமான துண்டுக்கு அந்தத் திசையைக் கொடுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் வேண்டாம், அது ஜவ்வாக இழுக்கும்.

கத்தி அறுவை சிகிச்சைக்குரிய 11-ஆம் எண் பிளேடாக இருக்கட்டும். ஒரே அழுத்தில் அறுக்காமல், இரும்பு ஸ்கேலை ஒட்டி லேசாகப் பலமுறை இழுங்கள். முனை மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். வட்டத் துளைகளுக்குப் பஞ்ச். வெட்டிய ஓரத்தில் தோலின் உள்நிறம் வெளிறித் தெரியும் என்பதால் ஒட்டும் முன்பே ஓரத்துக்குச் சாயம் தொட்டுவிடுங்கள்.

இனி பசை. மெல்லிய இருபக்க டேப்பைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். தோலின் பின்புறம் முழுக்க டேப்பை ஒட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்து வெட்டினால் ஓரம் பிசிறில்லாமல் வரும். வைத்துப் பார்த்துச் சரிசெய்ய இடம் இருக்கும், பின்னாளில் இளஞ்சூட்டில் உரிந்தும் வரும். வளைவு அதிகமான கேமராவில் டேப் தூக்கிக்கொண்டால் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மிக மெல்லியதாகத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு வையுங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது. லென்ஸை ஒட்டிய வளைவில் தொடங்கி வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டு போங்கள். திருகுத் தலைகளின்மேல் பசை படாமல் சிறு காகிதத் துண்டு வைத்துவிடுங்கள். பழைய உறையை எடுத்ததும் ஃபிலிம் அறைவரை போகும் துளை ஏதேனும் தெரிந்தால் அதைக் கறுப்பு டேப்பால் அடைத்துவிட்டு ஒட்டுங்கள். சில கேமராக்களில் வெளிச்சம் உள்ளே போகாமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்த உறைதான்.

இதற்குக் கீழே வரப்போகும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். நான் தொழில்முறைப் பழுதுபார்ப்பவள் அல்ல, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தோல் வேண்டாம் என்பவர்கள் செயற்கைத் தோலை வைத்து இதே முறையில் செய்யலாம், அவர்களோடு எனக்கு வாதமில்லை. சேகரிப்பாளர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உறை நல்ல நிலையில் இருக்கும் அரிய கேமராவைத் தொடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் உரிந்து, அழுகி, கையில் ஒட்டும் ஓர் உறையை "ஒரிஜினல்" என்று போற்றிக் கேமராவைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? அது படம் எடுக்கச் செய்த கருவி. 1972-இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 உண்மையான தோலோடுதான் வந்தது. கையில் பிடித்தால் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்தச் சுகத்தைத் திருப்பிக் கொடுப்பதை நாசவேலை என்று அழைப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஆட்கள் இன்னொரு விஷயத்தில் வாய் திறப்பதில்லை. நன்றாக வேலை செய்யும் கேமராக்களைக் குடைந்து, உள்ளுறுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பல்பைச் செருகி மேசை விளக்காக விற்கிறார்கள். அப்படிப்பட்ட விளக்கு ஒன்றை எனக்குப் பிறந்தநாள் பரிசாகவே கொடுத்தார்கள். லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. ஷட்டர் இருந்த இடத்தில் ஒயர். கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், தெரிகிறது. ஆனாலும் ஓர் அங்குலத் தோலை மாற்றியதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் அந்த விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு "எவ்வளவு அழகு" என்று சொன்னதை என்னால் மறக்க முடியாது. ஒரு கேமராவை யாரும் இனித் திறக்கவே முடியாதபடி செய்வதும், அதற்குள் ஒன்றுமே இல்லாமல் செய்வதும் எனக்கு ஒரே குற்றம்தான்.

உங்கள் கேமராவுக்கு வருவோம். எந்த மாடல் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. 1954-இல் வந்த எம்3 போன்ற பழைய லைகாவாக இருந்தால் மேலே சொன்ன உரிக்கும் முறை அப்படியே பொருந்தாது. அதில் இருப்பது வல்கனைட் என்ற கெட்டி ரப்பர். வயதானதும் உடையக்கூடியதாகி, சில்லுச் சில்லாகப் பெயரும், தகடாக வராது. ஓரிரு சில்லு மட்டும் போயிருந்தால் முழுவதையும் பெயர்க்காமல் அந்த இடத்தை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மற்ற எதுவாக இருந்தாலும், பிரித்தெடுத்த பழைய துண்டுகளை எறியாமல் ஒரு காகித உறையில் போட்டுக் கேமராவோடு வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்டால் காட்டலாம், திறக்க நேர்ந்தால் எந்தத் துண்டுக்கு அடியில் எத்தனை திருகு என்று அதன் பின்புறத்திலேயே குறித்து வைத்திருக்கலாம். முதலில் பின்கதவிலிருந்து தொடங்குங்கள், அது தட்டையானது, திருகுகளும் பெரும்பாலும் இருக்காது. அது சரியாக வந்த பிறகு முன்பக்கம் போகலாம். ரப்பர் பசை போட்டிருந்தால் ஒரு நாள் முழுக்க காயவிட்ட பிறகு ஃபிலிம் போடுங்கள்.