வீட்டுச் சாப்பாட்டுக்குக் காடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். பின்வளவில் ஒரு கூடு வைக்க இடமிருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவையாவது காடை சமைக்க வேண்டுமென்றால் எத்தனை வளர்க்க வேண்டும்? கடைக் கோழியைவிட மலிவாக வருமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: கணக்கைச் சட்டியிலிருந்து தொடங்குங்கள். சாதாரண ஜப்பான் காடை 5 கிழமையில் 160 முதல் 180 கிராம் வரை நிற்கும். சுத்தம் செய்தபின் 110, 120 கிராம்தான் மிஞ்சும். ஆளுக்கு மூன்று என்றால் ஒரு சமையலுக்கு 15. வீட்டில் பொரிக்க வைக்கும் முட்டையில் நூற்றுக்கு 60, 65 குஞ்சாக வந்தாலே நல்லது. அதிலும் ஒன்றிரண்டு சாகும். ஆகவே தடவைக்கு 30 முட்டை வையுங்கள். 6 பெட்டையும் 2 ஆணும் இருந்தால் ஆறு நாளில் அவ்வளவு சேர்ந்துவிடும். மற்ற நாள் முட்டையெல்லாம் வீட்டுக்கு.

எத்தனை நாளுக்கொரு தொகுதி என்பதைப் பொரிக்கும் பெட்டிதான் தீர்மானிக்கும். காடை முட்டை பொரிக்க 17, 18 நாள். பெட்டியைக் கழுவிக் காயவைத்து அடுத்த தொகுதி வைக்க மூன்று கிழமை ஆகிவிடும். இரண்டு கிழமைக்கொருமுறை வைக்கப் போனால் பழைய முட்டை பொரிக்கும் நாளும் புதிய முட்டையைப் புரட்டும் நாளும் ஒன்றோடொன்று மோதும். மூன்று கிழமைச் சுற்றுக்கு, பொரித்த குஞ்சுகளைச் சூட்டில் வைக்க ஒரு குஞ்சுப் பெட்டியும், 2 அடிக்கு 2 அடியில் இரண்டு தட்டுக் கூடும் போதும்: ஒரு தட்டு தாய்க் காடைகளுக்கு, மற்றது வளரும் தொகுதிக்கு. உயரம் 10 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். காடை மிரண்டால் நேர் மேலே பாயும். உயரமான கூட்டில் வேகம் பிடித்துத் தலை உடையும். அரை அங்குலக் கம்பிவலை அடியில் போட்டு, கீழே எச்சம் விழத் தட்டு வையுங்கள். கூட்டுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

மலிவா என்றால், இல்லை. ஒரு காடை 5 கிழமையில் அரைக் கிலோ தீன் தின்னும். தாய்க் காடை எட்டும் நாளுக்கு 200 கிராம், மாதம் 6 கிலோ. எல்லாம் சேர்த்து மாதம் 17, 18 கிலோ தீனுக்கு உங்களுக்குக் கிடைப்பது இரண்டரைக் கிலோ இறைச்சியும் நூறு முட்டையளவும். இறைச்சியை மட்டும் பார்த்தால் புரொய்லர் கோழிதான் லாபம். ஆனால் சிறிய இடம் போதும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் வேண்டிய நாளில் வேண்டிய அளவு அறுத்துச் சமைக்கலாம். என்ன தின்று வளர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். இது போதும் என்பவர்கள் தொடங்குங்கள்.

கேள்வி: ஆடி மாதம் 40 ஒருநாள் குஞ்சு வாங்கினோம். முதல் கிழமையிலேயே பாதி செத்துவிட்டது. 100 வாட் குண்டு பல்ப் இரவு பகலாக எரிந்தது. சோடாப் போத்தல் மூடிகளிலும் தட்டத்திலும் தண்ணீர் வைத்தோம். என்ன பிழை?
– வாசகர், மூதூர்

பதில்: நீங்கள் எழுதியதிலேயே இரண்டு காரணம் தெரிகிறது.

முதலாவது, பகல் சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூதூரில் மத்தியானம் 33, 34 பாகை தாண்டும். அதன்மேல் மூடிய பெட்டிக்குள் 100 வாட் எரிந்தால் 40 பாகைக்கு மேல் போய்விடும். முதல் கிழமை குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 முதல் 37 பாகை வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை குறையுங்கள். ஆடியில் உங்கள் பக்கத்தில் பகலில் பல்ப்பை அணைத்தே வைக்க வேண்டி வரலாம், இரவில்தான் அதற்கு வேலை. பல்ப்பைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் தொங்கவிடுங்கள். வேண்டிய சூட்டைக் குஞ்சே தேடிக்கொள்ளும். பல்ப்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்தால் குளிர். மூலைகளுக்கு ஓடி, வாயைப் பிளந்து, செட்டையைத் தொங்கவிட்டு நின்றால் சூடு. பரவிப் படுத்திருந்தால் சரி. எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. மாரியில் அதை நம்பிக் குஞ்சை விறைக்க விடவேண்டாம்.

இரண்டாவது, தட்டத் தண்ணீர். பொரித்த குஞ்சின் எடை 8 கிராம்தான். அரை அங்குலத் தண்ணீரில் விழுந்தாலே எழும்பாது. மூழ்காவிட்டாலும் நனைந்து விறைத்துச் சாகும். மூடியளவு ஏனத்தில் சிறு கூழாங்கல் நிரப்பி, கற்களின் இடுக்கில் மட்டும் தண்ணீர் தெரியும்படி ஊற்றுங்கள். 7 நாள் வரை இப்படியே.

பத்திரிகைத் தாள் விரித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வழுக்கும் தரையில் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, குஞ்சு தீனுக்குப் போகமுடியாமல் கிடக்கும். சொரசொரப்பான சாக்குத் துணி நல்லது. முதல் இரண்டு நாள் தீனை அரித்து, ரவையளவு தூளை அந்தத் துணிமேலேயே தூவுங்கள்.

கேள்வி: கடலோரம் என்பதால் கருவாட்டுத் தலை, நெத்தலித் தூள் சும்மா கிடைக்கிறது. தீனோடு கலக்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: உப்புப் போட்ட கருவாடு வேண்டவே வேண்டாம். உப்பு மிஞ்சினால் காடை ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், பிறகு தள்ளாடி விழும். ஊறவைத்துக் கழுவினாலும் உள்ளே எவ்வளவு உப்பு மிச்சம் என்று கண்ணால் தெரியாது.

உப்பில்லாத பச்சை மீன் கழிவை அவித்து, நன்றாகக் காயவைத்து இடித்தால் அது நல்ல புரதம். புரொய்லர் கோழிக்குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் தீனில் புரதம் 22 சதவீதமளவு இருக்கும். காடைக் குஞ்சுக்கு முதல் மூன்று கிழமை 24ஆவது தேவை. ஒரு கிலோ தீனுக்கு 50 கிராம் மீன்தூள் அந்தக் குறையை ஏறக்குறைய நிரப்பும். அறுப்பதற்கு ஒரு கிழமை முன் நிறுத்துங்கள், இல்லையேல் இறைச்சியில் மீன் வெடில் அடிக்கும். மாரியில் இந்தத் தூளும் தீன் மூட்டையும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத் தீனை வெயிலில் காயவைத்துக் கொடுப்பதும் ஆபத்து. நஞ்சு அதில் அப்படியே இருக்கும். எறிந்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய காடை முட்டையை நாட்டுக்கோழியிடம் அடைவைத்தோம். ஒன்றும் பொரிக்கவில்லை.
– வாசகி, கிண்ணியா

பதில்: கடை முட்டை பெரும்பாலும் ஆண் சேராத பெட்டைகள் இட்டது. குளிரில் வைத்ததாகவும் இருக்கலாம். ஆணோடு இருக்கும் பெட்டையின் முட்டையை, இட்டு ஒரு கிழமைக்குள் வையுங்கள். காடை தானே அடைகிடக்காது. பெரிய கோழி மெல்லிய கோதை மிதித்து உடைக்கும். சிறிய கோழியானால் முயன்று பார்க்கலாம். பொரிக்கும் பெட்டியென்றால் 37.5 பாகை, 14ஆம் நாள் வரை தினம் மூன்று நான்கு தடவை புரட்டல், அதன்பின் கை வைக்காமல் ஈரப்பதத்தைக் கூட்டல். பெட்டியின் வெப்பமானியைக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாகை கூடினாலே பொரிப்பு விழுந்துவிடும். கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் ஆறினால் பயமில்லை.

கேள்வி: அறுத்த உடனே சமைத்தால் இறைச்சி இறுகுகிறது. இறகு பிடுங்கும்போது தோலும் கிழிகிறது.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: தோல் கிழிவது கொதிநீரால். 53 முதல் 55 பாகைத் தண்ணீரில் அரை நிமிடம் முக்கினால் போதும்: கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, கொஞ்சம் ஆற விட்டால் அந்தச் சூடு வரும். தோல் வேண்டாதவர்கள் நெஞ்சுத் தோலைக் கீறி, சட்டை கழற்றுவதுபோல் இறகோடு உரித்துவிடலாம். ஒரு காடைக்கு ஒரு நிமிடம்.

இறுக்கத்துக்குக் காரணம், இறந்த உடனே தசை விறைப்பது. அறுப்பதற்கு நான்கைந்து மணித்தியாலம் முன் தீனை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் விடுங்கள். கூரான சிறு கத்தியால் அறுத்து, இரத்தம் முழுக்க வடியவிட்டு, குடலையும் தீன்பையையும் எடுத்துக் கழுவி, ஐஸ் போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் நம் வெக்கையில் காத்திருக்க வேண்டாம். தயிரும் மஞ்சளும் பிரட்டி உடனே அடுப்பில் ஏற்றி, மூடி, சிறு தீயில் அவியுங்கள்.

கேள்வி: பெட்டைகளின் தலையில் இறகு போய்ப் புண்ணாகிறது. நோயா?
– வாசகி, பாலையூற்று

பதில்: ஆண் கூடிவிட்டது. மூன்று பெட்டைக்கு ஒரு ஆண் போதும். மூன்று கிழமையில் நெஞ்சு கறுப்புப் புள்ளியில்லாமல் செம்மண் நிறமாக இருப்பது ஆண். மிச்ச ஆண்களை 5 கிழமையில், கூவத் தொடங்கும் முன் அறுத்துவிடுங்கள். வளர்க்க வைக்கும் ஆணை வேறு வீட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்ததோடு சேர்த்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பொரிப்பு குறைந்துவிடும். புண்பட்ட பெட்டையைக் காயம் ஆறும் வரை தனியே விடுங்கள், இரத்தம் கண்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.