அக்கா பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பரிசாக நாய்க்குட்டி: 18,000 ரூபாயில் முடியுமா?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தீபாவளிக்கு 30,000 போனஸ் வரும். மகாராஜநகரில் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகள் (பையன் 7-ம் வகுப்பு, பெண் 4-ம் வகுப்பு) இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். அத்தானுக்குத் தெரியாமல் தீபாவளி அன்று காலையில் ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று ஆசை. கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் 18,000 சொல்கிறார். அன்றைக்குக் குட்டிக்கு 40 நாள் ஆகியிருக்குமாம். 3,000 அட்வான்ஸ் கேட்கிறார். போனஸைத் தொடாமல் கிரெடிட் கார்டில் பணம் எடுத்து, மாதத் தவணையாகக் கட்டலாமா? அத்தானுக்குச் சம்பளம் 28,000. மாதக் கடைசியில் அவர்களுக்குக் கொஞ்சம் இழுபறிதான்.

பதில்: தம்பி, கார்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. எடுப்பதற்கே தனிக் கட்டணம் வேறு. கையில் போனஸை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். அவ்வளவுதான்.

18,000 ரூபாய் எனக்கு உறுத்தவில்லை. 'அத்தானுக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

வளர்ந்த லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வரும். கடைத் தீனி போட்டாலும் சரி, வீட்டில் சோறு, கோழி, முட்டை, தயிர் என்று போட்டாலும் சரி, மாதம் 3,000 ரூபாய்க்குக் குறைய வழியில்லை. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, ஆட்டோ எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கினால் இன்னொரு 500. ஆக 3,500. வருடத்துக்கு 42,000. லாப்ரடார் 10 முதல் 12 வருடம் இருக்கும். 10 வருடம் என்றே வைத்து, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் மொத்தம் ஏறக்குறைய ஐந்தரை லட்சம். இது என் கைக்கணக்கு. உங்கள் வீட்டில் சற்றுக் கூடும், குறையும். ஆனால் இந்த மொத்தத்தில் குட்டியின் விலை 100 ரூபாய்க்கு 3 ரூபாய்தான். அந்த 3 ரூபாயைக் கொடுத்து நல்ல மாமா என்று பெயர் வாங்குவது நீங்கள். மீதி 97 ரூபாயைப் பத்து வருடம் கட்டப்போவது அத்தான். அவர் சம்பளத்தில் 3,500 என்பது எட்டில் ஒரு பங்கு. இதை அவரிடம் கேட்காமலே முடிவு செய்திருக்கிறீர்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் வாயை அது அடைத்துவிடுகிறது. ஆகவே கொடுக்கிறவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். மச்சான் ஆசையாகக் கொண்டுவந்து நிறுத்தியதை, பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எந்த அத்தானாவது வேண்டாம் என்பாரா?

நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானையை நீங்களும் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். 1985-ல் கோயிலுக்கு வந்தது, 2025 ஜனவரியில் இறந்தது. வந்தது ஒரு நாள். அதன் பிறகு 40 வருடத்துத் தீனி, பாகன், வைத்தியம். கோயிலுக்கு வருமானம் உண்டு, தாங்கும். மகாராஜநகர் வாடகை வீட்டுக்கு நாய்தான் யானை.

நம் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகவே கன்னி என்ற நாட்டு இன வேட்டை நாயைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சீர் போன வீட்டில் ஆடு இருந்தது, காடு இருந்தது. ஆட்டுக்குக் காவல் நின்று, கம்பங்கூழ் குடித்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொண்ட நாய் அது. உங்கள் அக்கா வீட்டில் அது காக்க வேண்டியது ஒரு ஸ்கூட்டரை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் தாய்மாமா ஒரு பொங்கலுக்குக் கூடைக்குள் வைத்து ஒரு குட்டி கொண்டுவந்தார். மூன்று வாரம் நாங்கள் அதைத் தரையில் விடவில்லை. நான்காவது வாரத்திலிருந்து அம்மா பாடு. பால்கார நோட்டில் தினம் கால் லிட்டர் கூடியிருந்ததை மாதக் கடைசியில் அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் அதைச் சேரன்மகாதேவியில் தெரிந்த ஒரு வயல்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாமாவிடம் குட்டி ஓடிப்போய்விட்டது என்று சொன்னோம். அடுத்த பொங்கலுக்கு இன்னொன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டார் மனுஷன்.

சரி, குட்டி விஷயத்துக்கு வருவோம். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. 40 நாள் என்றால் ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த, ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாகப் படுத்துவிடும். நாலைந்து நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பார்க்க வேண்டும், பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. அவசரமாக விற்பவரிடம் வாங்கும் குட்டியின் விலையோடு இந்த பில்லையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தீபாவளி அன்றைக்கா கொண்டுபோவது? புது இடம், தாய் இல்லை, விடிகாலையிலிருந்து வெடி. பாளையங்கோட்டையில் தீபாவளி வெடி ஓய்ந்தால் கார்த்திகை, அது முடிந்தால் கிறிஸ்துமஸ், அப்புறம் புத்தாண்டு. வீடு முழுக்கப் பலகாரம் வேறு. நெய் சொட்டும் அல்வாவைப் பிள்ளைகள் பாசத்தில் ஊட்டினால் கணையம் வீங்கும். பக்கத்து வீட்டிலிருந்து வரும் கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சை நாய்க்கு விஷம், சாக்லேட்டும் அப்படியே. பொங்கல் கழித்து ஜனவரிக் கடைசிதான் சரியான நேரம். அதற்குள் அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும்.

அதுவரை மூன்று மாதம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் நாய் வந்துவிட்டதாகவே நினைத்து மாதம் 3,500-ஐ அக்கா பெயரில் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். உங்கள் பங்கு 2,000, அத்தான் பங்கு 1,500. மூன்று மாதத்தில் 10,500 சேரும். டிசம்பரில் ஏதோ செலவு வந்து அந்தப் பணத்தில் கை வைக்க வேண்டி வந்ததா? பதில் கிடைத்துவிட்டது, லாப்ரடார் அந்த வீட்டுக்குத் தாங்காது. ஒரு ரூபாய்கூடக் குட்டிக்குக் கொடுக்காமல் தெரிந்துகொண்டதோடு, பணமும் கையில் இருக்கும்.

என்னைக் கேட்டால் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியே போதும் என்பேன். விலை கிடையாது, நம் ஊர் வெயிலுக்குப் பிறந்தது, அளவாகச் சாப்பிடும். மாதம் 2,000-க்குள் அடங்கும். அப்படியென்றால் நீங்கள் அனுப்பும் 2,000 மொத்தச் செலவையும் மூடிவிடும், அத்தான் தலையில் ஏறாது. குட்டிக்குக் கொடுக்க இருந்த 18,000 மருத்துவ நிதியாக அப்படியே நிற்கும். லாப்ரடார் வாங்கினால் போனஸில் மிஞ்சுவது 12,000தான். பிள்ளைகள் படத்தில் பார்த்த நாயைக் கேட்கிறார்கள் என்று தெரியும். குட்டி மடியில் ஏறிய பிறகு எந்த ஜாதி என்று கேட்க மாட்டார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று யாராவது ஆசை காட்டினால், ஓட இடம் வேண்டும் அதற்கு, வாடகை வீட்டில் அடைக்காதீர்கள். பனிப் பிரதேச நாயான ஹஸ்கி என்று சொல்பவரோடு பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏசி போட்டு, இரண்டு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் விலை கூடும். கூண்டுக் கிளி மலிவாகக் கிடைக்கிறதே என்றும் யோசிக்க வேண்டாம். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம்.

செலவைக் குறைக்க நம் ஊரில் ஒரு வசதி உண்டு. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. அரசு கால்நடை மருந்தகங்களும் உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் முதல்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டது 1885 ஜூலை 6. அந்த நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவச ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி முகாம் நடக்கும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. நாய்க்கும் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். அதை விசாரிக்கும் முன்பு அத்தான் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த போனஸ் அங்கேதான் போக வேண்டும், நாய் ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

இன்னொன்று. நாளைக்கு உங்களுக்கும் கல்யாணம், வீடு என்று வரும். பத்து வருடம் 2,000 அனுப்ப முடியுமா? இரண்டு வருடம்தான் முடியும் என்று தோன்றினால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதற்கேற்ப முடிவெடுப்பார்கள்.

ஆகவே இன்று ராத்திரி அத்தானுக்குப் போன் போடுங்கள். அக்காவுக்குப் போட்டால் பிள்ளைகள் காதில் விழுந்துவிடும். வீட்டுக்காரர் நாய் வைக்க விடுவாரா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், விடுமுறைக்கு வெளியூர் போனால் என்ன செய்வது, இதையெல்லாம் அவர் வாயால் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் தீனி கேட்காது. கோவில்பட்டிக்காரருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் 3,000 போனது போகட்டும். அதை மீட்பதற்காக மீதி 15,000-ஐயும் கொடுத்துவிடாதீர்கள்.