வார்டு மேப், எஃப்.எம்.பி., ஏரி எல்லை: உள்ளாட்சி வரைபடங்கள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக நகராட்சி, பேரூராட்சி வேலைகளுக்காக ஜிஐஎஸ், அதாவது இடத்தகவலோடு சேர்ந்த கம்ப்யூட்டர் வரைபடம் தயாரிக்கிறேன். சொத்துவரிக்கு வீடு வீடாக அளந்ததில் தொடங்கி மழைநீர் வடிகால் வரை எல்லாம் செய்தாயிற்று. போன வாரம் கேள்விகள் கேட்கச் சொன்னேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருவள்ளூர் பக்கம் மனை வாங்கியவர்: அக்கா, அரசு ஜிஐஎஸ் தளத்தில் என் சர்வே எண்ணைப் போட்டால் சேட்டிலைட் படத்தின் மேல் எல்லைக்கோடு காட்டுகிறது. அதன்படி என் காம்பவுண்டு சுவர் பக்கத்து இடத்துக்குள் ஒன்றரை மீட்டர் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் பார்த்துவிட்டார், தினமும் சண்டை.

முதலில் அந்தப் படத்தை வைத்துச் சண்டை போடுவதை இரண்டு பேரும் நிறுத்துங்கள் தம்பி. இந்த ஒரு கேள்வி மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஃப்.எம்.பி. என்று சொல்லும் புல வரைபடம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனித் தாளில் வரையப்பட்டது. அளவுச் சங்கிலி போட்டு, ஒரு அத்துக் கல்லிலிருந்து, அதாவது எல்லைக் கல்லிலிருந்து, இன்னொரு கல்லுக்கு நேர்கோடு ஓட்டி, வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்த முறை அது. ஆகவே அதில் இருக்கும் எண்கள் அந்தப் புலத்தின் கற்களுக்கு இடையில் உள்ள உறவைச் சொல்கின்றன. அந்தப் புலம் பூமியில் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்ற தகவல் அதில் கிடையாது, அது தேவைப்படாத காலத்தில் செய்த வேலை. பின்னால் ஒன்றிய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் கொலாப்லேண்ட் மென்பொருளில் அந்த அளவுகளைத் தட்டி கம்ப்யூட்டர் கோடாக மாற்றினார்கள். அப்போதும் ஒவ்வொரு புலமும் தனித்துண்டுதான். அந்தத் துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, கிராம வரைபடத்தோடு பொருத்தி, சேட்டிலைட் படத்தின் மேல் உட்கார வைக்கும்போது சில மீட்டர் நகர்வது சாதாரணம். சேட்டிலைட் படமும் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கையில் இருக்கும் போனின் ஜி.பி.எஸ். வெட்டவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் மோசம். இத்தனையும் சேர்ந்த படத்தில் ஒன்றரை மீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் புலம் எந்தத் தெரு ஓரம், பக்கத்தில் என்ன சர்வே எண், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பார்க்க அது அருமையான படம், அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து எஃப்.எம்.பி. நகலை இறக்குங்கள். அதில் உங்கள் உட்பிரிவு தனியாகக் கோடு போட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய மனைகள் கூட்டுப் பட்டாவிலேயே கிடக்கின்றன, உட்பிரிவு ஆகவில்லை என்றால் உங்கள் மனையின் எல்லை அந்தப் படத்தில் எங்குமே இருக்காது, அப்போது அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் பிளானும் பத்திரத்தின் நான்கெல்லையும்தான் கணக்கு. உட்பிரிவு ஆகியிருந்தால் அத்து காட்டச் சொல்லி மனு கொடுங்கள், இணையத்திலும் கொடுக்கலாம். சர்வேயர் பக்கத்துப் பட்டாதாரருக்கும் அறிவிப்பு கொடுத்துவிட்டு வந்து, கல்லிலிருந்து அளந்து காட்டுவார். 1923-ஆம் வருட நில அளவை, எல்லைகள் சட்டத்தின் கீழ் நடக்கிற வேலை அது. அதற்கு இருக்கும் மதிப்பு போன் ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கிடையாது.

அதே ஊர்க்காரர் இன்னொருவர்: பட்டாவில் 0 - 40.50 என்று போட்டிருக்கிறது, இது எத்தனை சென்ட்?

ஹெக்டேர், ஏர் கணக்கு. முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஆக 40.50 ஏர் என்றால் 4,050 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், வகுத்தால் 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். 40 சென்ட் என்று நினைத்து விலை பேசியவர்களை நானே பார்த்திருக்கிறேன், கவனம்.

சென்னை, தன்னார்வலர்: மாநகராட்சி வார்டு எல்லை வேண்டும் அக்கா. தேடினால் பிடிஎஃப் மட்டும் கிடைக்கிறது, அல்லது யாரோ போட்ட ஃபைல் கிடைக்கிறது. எதை நம்புவது?

எந்த வருடத்து எல்லை என்று முதலில் பாருங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, 155 வார்டுகள் 200 ஆயின. எண்களும் மாறின, அதனால் பழைய ஃபைலில் இருக்கும் வார்டு எண்ணும் இப்போதைய எண்ணும் வேறு வேறு இடங்கள். இணையத்தில் சுற்றும் சில ஃபைல்களில் வருடமே எழுதியிருக்காது. அப்படி இருந்தால் மொத்தம் எத்தனை வார்டு என்று எண்ணிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சட்டப்படி எல்லை என்பது அரசிதழில் வெளியான விவரம்தான். வடக்கே இந்தத் தெரு, கிழக்கே இந்தக் கால்வாய் என்று எழுத்தில் இருக்கும். வரைபடம் அதைப் பார்த்து வரைந்தது. தெருவின் நடுவில் கோடு போகிறதா, ஒரு ஓரமாகப் போகிறதா என்பதில் சந்தேகம் வந்தால் அந்த எழுத்தைத்தான் படிக்க வேண்டும். பிடிஎஃப் கிடைத்தால் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, தெருமுனை, பாலம், ரயில்வே கேட் மாதிரி பத்துப் பதினைந்து இடங்களை, மக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்போடு பொருத்தி, கோட்டை மேலே வரையுங்கள். ஒரு வார்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வரைந்து முடித்ததும் அரசிதழ் தேதியைக் கட்டாயம் ஃபைலோடு சேர்த்துப் போடுங்கள், நம் ஊரில் வரைபடங்கள் வீணாவதற்கு முதல் காரணம் அந்த ஒரு வரி இல்லாததுதான். கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றாதீர்கள், உரிமம் இடம் கொடுக்காது.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவி: இரண்டரை ஏக்கர் நிலத்தை வரைந்து பரப்பளவு கணக்கிட்டால் 0.00000085 என்று வருகிறது. என்ன தப்பு செய்தேன்?

கோட்டில் தப்பில்லைம்மா, நீங்கள் டிகிரியில் கணக்குப் போடுகிறீர்கள். அந்த விடை சதுர டிகிரி. யு.டி.எம். மாதிரி மீட்டரில் இருக்கும் அமைப்புக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள். ஆனால் நம் மாநிலத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பாடத்தில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. யு.டி.எம். பூமியை வடக்கு தெற்காக மண்டலங்களாகப் பிரிக்கிறது, இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது. அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. கோவை, ஈரோடு 43-ல், மதுரை, திருச்சி, சென்னை 44-ல். திண்டுக்கல் நகரம் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது, அதே மாவட்டத்து நத்தம் கிழக்கே போய்விடுகிறது. மென்பொருளில் 43-ஆம் மண்டலத்துக்கு 32643 என்ற குறியீடு, உங்களுக்கு அதுதான் வேண்டும். சென்னைக்காரர்கள் எழுதிய செய்முறையைப் பார்த்து 32644 போட்டுவிட்டால், கோவையில் ஆயிரம் ஏக்கர் ஆயிரத்து நாலு ஏக்கராக வரும். படம் பார்க்கச் சரியாகவே இருக்கும், அதனால் கண்டுபிடிக்கவும் மாட்டீர்கள்.

பெயர் போட வேண்டாம் என்றவர்: ஊரின் தெரு, கிணறு, பொதுக்கழிப்பறை எல்லாம் வரைந்து வெளியிட்டால் அனுமதி வாங்கவில்லை என்று பிடிப்பார்களா?

பழைய பயம் இது, காரணமும் இருக்கிறது. 2016-ல் ஒரு மசோதா வரைவு வந்தது, அனுமதி இல்லாமல் இடத்தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் நாட்டுக்குள் வரைபடம் தயாரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதியோ உரிமமோ தேவையில்லை. ராணுவ இடங்கள் போன்ற தடைசெய்யப்பட்ட விவரங்களைக் குறிக்கக் கூடாது, நாட்டின் எல்லையை சர்வே ஆஃப் இந்தியா காட்டுகிறபடியே காட்ட வேண்டும். ட்ரோன் விட்டுப் படம் எடுப்பதற்கு விதிகள் தனி, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன பட்டியல் தாராளமாகச் செய்யக்கூடியது, செய்யுங்கள்.

தாம்பரம் பக்கம், குடியிருப்போர் சங்கம்: எங்கள் தெரு பழைய ஏரி என்கிறார்கள், அது உண்மையா? அப்புறம், வெள்ளம் வருமா என்று மேப்பில் பார்க்க முடியுமா மேடம்?

இரண்டும் வேறு வேறு கேள்வி சார். அது ஏரி இருந்த இடமா என்று தெரிய, கிராம வரைபடமும், கிராமத்து நிலங்களின் வருவாய்ப் பதிவேடான அ-பதிவேடும் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே வகைப்பாடு எழுதியிருக்கும், ஏரி, வாய்க்கால், மேய்க்கால், நத்தம் என்று. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களைப் பதிவு செய்தால் இலவசமாக இறக்கலாம், சுற்று வட்டாரத்தில் எந்த ஏரி எந்த ஏரிக்குக் கலங்கல் வழியாக உபரி நீர் விடுகிறது என்பது அதில் அழகாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். உங்கள் வீடு கரைக்கு உள்ளேயா வெளியேயா என்று அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

வெள்ளத்துக்கு உயரம் வேண்டும், அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அந்த 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்று. சென்னை மாதிரி தட்டையான ஊரில் இரண்டு கோட்டுக்கு நடுவில் பல கிலோமீட்டர் இடைவெளி வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்தது, ஒரு கட்டம் 30 மீட்டர், சில மீட்டர் பிழை, கூரையையும் மரத்தையும் தரை என்றே காட்டும். தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்குமா என்பதற்கு அரை மீட்டர் துல்லியம் வேண்டும். அப்படிப்பட்ட அளவைகள் வரிப்பணத்தில் எடுக்கப்படுகின்றன, அவற்றைக் குடிமக்கள் இறக்கிப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்கிறேன். அதுவரை 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் எந்தச் சுவரில் எதுவரை நீர் நின்றது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறியுங்கள். அந்த வெள்ளத்தின்போது மூழ்கிய தெருக்களை மக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல் குறித்தார்கள், அவ்வளவு விரிவாக அன்றைக்கு வேறு படம் கைக்கு எட்டவில்லை.

விழுப்புரம், வழக்கறிஞர்: தகவல் உரிமைச் சட்டத்தில் வடிகால் வரைபடம் கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்துக் கறுப்பாக ஒரு தாள் கொடுத்தார்கள்.

கேட்கும்போதே வடிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள் சார். மின்னணு வடிவில் பெறும் உரிமையை 2005 சட்டத்தின் இரண்டாவது பிரிவே தருகிறது. "ஷேப் ஃபைல் அல்லது கேட் ஃபைல் எந்த வடிவில் அலுவலகத்தில் உள்ளதோ அதே வடிவில், சி.டி.யில்" என்று எழுதுங்கள், இரண்டும் கம்ப்யூட்டரில் திறக்கக்கூடிய வரைபட ஃபைல்கள். "வரைபடம் தரவும்" என்று மட்டும் எழுதினால் தாள்தான் வரும். எந்தத் திட்டம், எந்த ஆண்டு என்பதையும் குறிப்பிட்டால் தட்டிக் கழிப்பது கடினம். 30 நாளில் வரவில்லை என்றால் மேல்முறையீடு, அது உங்களுக்குத் தெரியாததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து: பிரதேச சபையில் வேலை செய்கிறேன் அக்கா. நில அளவைத் திணைக்களத்துப் பழைய வரைபடமும் புதியதும் ஒன்றுக்கு மேல் ஒன்று பொருந்துதில்லை. ஏன்?

இரண்டு கட்ட அமைப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன தம்பி. பழைய கண்டவளை அமைப்பில் கிழக்குத் தூரத்தைச் சொல்லும் எண்ணின் தொடக்கம் 2,00,000, 1999-இல் வந்ததில் 5,00,000. அதனால் கிழக்கு எண்ணைப் பார்த்தாலே தெரியும். யாழ்ப்பாண நகரத்துக்கு 1,18,000-க்குக் கிட்ட வந்தால் பழையது, 4,18,000-க்குக் கிட்ட வந்தால் புதியது. க்யூஜிஐஎஸ்ஸில் பழையதுக்கு 5234, புதியதுக்கு 5235 என்ற குறியீட்டைச் சரியாகச் சொல்லிவிட்டால் மென்பொருளே பொருத்திவிடும். வெறுமனே மூன்று லட்சத்தைக் கூட்டிக் கழிக்காதீர்கள், அடிப்படை அளவீடும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஊராட்சி வார்டு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்: எங்கள் ஊராட்சியில் குடிநீர்க் குழாய்க்கு மேப்பே இல்லை. பணமும் இல்லை. எங்கே தொடங்க?

இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த வேலை இது. ஒரு பேரூராட்சியில் எங்களுக்குக் கொடுத்த குழாய் வரைபடம் முப்பது வருடம் பழையது, பாதிக் குழாய் அதில் இல்லை. ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஐயா ஒருவர் மூன்று நாள் எங்களோடு நடந்தார். கையில் கம்பு, தட்டிக்கொண்டே வருவார், "இங்கே தோண்டுங்க" என்பார், தார் ரோட்டுக்குக் கீழே வால்வு இருக்கும். நாற்பதுக்கு மேல் கண்டுபிடித்தோம். அந்த ஊரின் குழாய் வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு ஆண்ட்ராய்டு போனில் க்யூஃபீல்ட் செயலி போடுங்கள், காசு கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு புள்ளி, ஒரு போட்டோ, குழாயின் விட்டம், பி.வி.சி.யா இரும்பா, எந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் போகிறது. போன் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு வழி இருக்கிறது: பக்கத்தில் இருக்கும் நிலையான கட்டடங்களின் இரண்டு சுவர் மூலையிலிருந்து டேப் பிடித்துத் தூரத்தை எழுதி வையுங்கள். கோயில் மதில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் சரி. பத்து வருடம் கழித்து ரோட்டுக்கு மேல் ரோடு போட்டாலும் அந்த இரண்டு அளவை வைத்து வால்வைத் தோண்டி எடுத்துவிடலாம். ஒரு நகலை நோட்டில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள், போன் தொலைந்துபோகும். மென்பொருளை அப்புறம் நான் போனிலேயே சொல்லித் தருகிறேன், இந்த வாரம் அந்தப் பழைய ஃபிட்டர் வீட்டுக்குப் போய்வாருங்கள் ஐயா.